லைம்ஹவுஸில் எடுத்த முட்டி

14.09.2003, ஞாயிறு

இன்றைக்கும் சுஜீத் அந்தச் சீனத்துப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தான். பேரன் கூட்டி வந்தால் கதவைத் திறக்கத்தானே வேண்டும். பெயர் சியூலிங். ஹொங்கொங்கில் பிறந்தவள். சின்னப் பிள்ளையாக இங்கே வந்து, தாய் தகப்பனின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னறையில் இருந்து படித்தாளாம். அவ்வளவும் படித்துவிட்டு என்ன வேலை? நிலம் கிண்டுகிற வேலை. புதுக் கட்டிடம் எழுப்ப முதல் அந்த நிலத்தைக் கிண்டி, பழைய ஆட்கள் விட்டுப்போன சட்டி, கோப்பைத் துண்டு பொறுக்குகிறது. நகத்துக்குள் எல்லாம் மண். சாப்பிட முதல் இரண்டு தரம் கை கழுவச் சொன்னேன். முகம் சுளிக்காமல் கழுவினாள்.

அவள் படித்த முதல் தமிழ்ச் சொல் 'ஏலாது'. "அம்மம்மான்ரை வாயிலை அதுதானே கூட வாறது" என்று சுஜீத் பகிடி பண்ணுகிறான். நான் திரும்பவும் சோறு போடப் போக, "அம்மம்மா, ஏலாது! ஏலாது!" என்று வயிற்றைப் பிடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. குசினிக்குள் போய்ச் சிரித்தேன்.

அவர்கள் போன பிறகு மகள் புனிதா கதையைத் தொடங்கினாள்.

"அம்மா, வாற ஓகஸ்டிலை ஊருக்குப் போவம். சண்டை நிண்டு இப்ப பாதை திறந்திருக்கு. பெரியம்மாவும் ஏலாமல் கிடக்கிறா. ஒருக்கா முகத்தைப் பாருங்கோவன்."

வல்வெட்டித்துறைக்கு வருவேன். கோயிலுக்கு வருவேன். கடலைப் பார்ப்பேன். அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். என் தம்பி கிருஷ்ணராசா கப்பலில் வேலைக்குப் போனவன். நடுக்கடலில் ஆளைக் காணவில்லை என்று தந்தி வந்தது. காணவில்லை என்றுதான் வந்தது, செத்தான் என்று வரவில்லை. ஏழு வருடம் போக, நான் என்னுடைய மனுசனோடு திருகோணமலையில் இருந்த நேரம், எனக்கு ஒரு சொல் அனுப்பாமல் தர்ப்பையால் ஆள் கட்டுவித்து, தன்னுடைய மூத்தவனைக் கொண்டு கொள்ளி வைப்பித்தவள் என் தமக்கை நகுலேஸ்வரி. அவன் உயிரோடு திரும்பி வந்தால் எங்கே வருவான்? வீட்டுக்கா, சுடலைக்கா?

எழுபத்தைந்தாம் ஆண்டு, ஆனி மாதம். கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்த வருடம். நான் ஒன்றையும் மறக்கவில்லை. அன்றோடு அவளுடன் பேச்சில்லை.

"உங்களோடை கதைக்கேலாதம்மா" என்றாள் புனிதா. பார், அவளுக்கும் அதே சொல்தான்.

15.09.2003

புனிதா அவளைப் பெரியம்மா என்று சொல்வதே எனக்குப் பிடிக்கவில்லை. வேறு என்னவென்று சொல்லுவாள் என்றும் தெரியவில்லை.

04.10.2003, சனி

சியூவின் வேலையிடத்தில் இன்று எல்லோரும் வந்து பார்க்கலாம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். லைம்ஹவுஸ். டூட்டிங்கில் இருந்து இரண்டு ரெயில் மாறி, முழங்கால் நோவோடு போய்ச் சேர்ந்தால், பார்ப்பதற்கு ஒரு சேற்றுப் பள்ளம். சுற்றிவர வெள்ளைக்காரர் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

எண்பது, தொண்ணூறு வருடத்துக்கு முதல் அந்த இடத்தில் சீனத்துக் கப்பல்காரர் தங்குகிற வீடு இருந்ததாம். ஒரு வீட்டில் முழுக்க ஒரே ஊர் ஆட்கள். ஒருவன் வந்து இடம் பிடித்தால் அவனுடைய மச்சான் வருவான், மச்சானுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரன் வருவான். இதைச் சொல்ல இவ்வளவு படிப்பு வேண்டுமா? எங்கள் டூட்டிங்கில், மிச்சம் ரோட் என்ற தெருவில், நம்முடைய ஊர்ப் பெடியள் ஒரு வீட்டில் இருக்கிறார்கள். ஒருவன் ஷிப்ட் முடிந்து வரும்வரைக்கும் மற்றவன் அவனுடைய கட்டிலில் படுக்கிறான். நான் இதைச் சொல்ல, சுஜீத் இங்கிலிஷில் சொல்ல, சியூ கையைத் தட்டிக்கொண்டு துள்ளினாள். "அம்மம்மா, அதே! அதே!" இன்னொரு சொல் படித்திருக்கிறாள்.

மேசையில் நீலப்பூப் போட்ட சின்னக் கிண்ணங்கள் இருந்தன. அடியில் கீறல். ஒவ்வொருவனும் தன் கிண்ணம் மாறிப் போகாமல் அடையாளம் போட்டிருக்கிறானாம். நல்ல வேலை. என் பெயர் வெட்டின செம்பை ஒரு கலியாண வீட்டுக்கு வாங்கிப் போனவர்கள் இன்றுவரை தரவில்லை. ஆர் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

எல்லாம் நல்லாய்த்தான் போனது. பிறகு சியூ என்னை மட்டும் தனியாகப் பின்னால் ஒரு கொட்டிலுக்குள் கூட்டிப் போனாள். நேற்று எடுத்ததாம். அந்த வீட்டு வாசற்படிக்குக் கீழே புதைத்திருந்த மூடி போட்ட மண்முட்டி. உள்ளே இருந்ததை வெள்ளைத் துணியில் பரப்பி வைத்திருந்தாள். ஒரு சீப்பு, அதில் சிக்கின தலைமயிர். ஒரு பொத்தான். எழுத்து வெட்டின பித்தளைத் தகடு.

வாசற்படிக்குக் கீழே முட்டி! தலைமயிர்! தகட்டில் பெயர்! சின்னக் குழந்தைக்கும் தெரியும் இது என்னவென்று.

"எடி பிள்ளை, தொடாதை! செய்வினை! ஆரோ ஆருக்கோ செய்து தாட்டு வைச்சிருக்கிறாங்கள். வை கீழை!"

வெள்ளைக்காரர் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சுஜீத் ஓடி வந்து "அம்மம்மா, ப்ளீஸ்" என்று என்னைப் பிடித்தான். நான் விட்டேனா? அவளுடைய கையைப் பிடித்து இழுத்து வெளியில் கொண்டு வந்தேன். அந்தப் பிள்ளை சிரித்தபடி வந்தது. விஷயம் தெரிந்தால் சிரிக்குமா?

05.10.2003

விடியப்புறமே அவளை வரச் சொன்னேன். வந்தாள். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். மஞ்சள் தண்ணீர் வார்த்தேன். பிறகு சுஜீத்தைக் காரை எடுக்கச் சொல்லி வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குக் கொண்டு போய், அவளுடைய பெயருக்கு அர்ச்சனை செய்வித்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். அவளுக்குத் தெரிந்தது ஆட்டு வருடத்தில் பிறந்தது மட்டும்தான். "ஆடு எண்டு ஒரு நட்சத்திரம் இல்லைப் பிள்ளை" என்று ஐயர் யோசித்துவிட்டு, அம்மனுடைய நட்சத்திரத்துக்கே செய்தார்.

திரும்பி வரும்போது காரில் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். காதெல்லாம் மஞ்சள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நான் டூட்டிங் வரைக்கும் தோளை அசைக்கவில்லை. கை விறைத்துப்போனது.

11.10.2003

அவளுடைய மனேஜர் "உனக்குக் காமாலையா?" என்று கேட்டாராம். நல்லாய்க் கேட்கட்டும். பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லைத்தானே.

22.11.2003, சனி

கை ஓடுதில்லை. ஆனாலும் எழுதிப் போட்டுத்தான் படுப்பன்.

சியூ அந்தத் தகட்டைத் துப்புரவாக்கிப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். வாசித்துவிட்டார்களாம். லியூ ஆகம் என்ற ஒரு கப்பல்காரனின் பெயர். அவனுடைய ஊர் சேக்ஹாங் என்று ஒரு சின்னக் கிராமம். 'கடலோடு போனவர்' என்று ஒரு வரி. செய்வினை இல்லையாம். கடலில் விழுந்து உடம்பு கிடைக்காத ஆளை, கூட இருந்த ஊர்க்காரர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். அவன் பாவித்த சாமான் ஒன்றில் அவனை வரவழைத்து, முட்டியில் வைத்து, ஊருக்கு அனுப்புவார்களாம், அங்கே சொந்தக்காரர் அடக்கம் செய்ய. இந்த முட்டி ஏனோ போய்ச் சேரவில்லை. அனுப்ப ஆள் கிடைக்கவில்லையோ, அனுப்பப் போனவனும் எங்கேயோ போனானோ.

"உடம்பு கிடைக்காட்டி அவங்கட ஆக்கள் இப்பிடித்தான் செய்யிறது, அம்மம்மா. வீட்டை போறதுக்கு ஒரு வழி" என்று சுஜீத் அவள் சொன்னதைச் சொன்னான்.

எனக்கு உச்சந்தலையில் ஏறியது.

"செத்தவன் எண்டு ஆர் கண்டது? உடம்பு கிடைக்கேல்லை எண்டா செத்ததெண்டு அர்த்தமே? இன்னொரு கப்பல்காரன் தூக்கியிருக்க மாட்டானே? எங்கையாவது தீவிலை கிடந்திருக்க மாட்டானே?"

"அம்மம்மா, இது எழுபது வருசத்துக்கு முந்தின ஆள்!"

"எத்தினை வருசமெண்டாத்தான் என்ன! கூட இருந்து ஒரு சட்டியிலை திண்டு போட்டு, ஆளை முட்டிக்குள்ளை அடைச்சு வைக்கிறதே? அதுக்கு நீயும் வக்காலத்தோ?"

கடைசிச் சொல்லை அவளைப் பார்த்துத்தான் சொன்னேன். தமிழ் விளங்காவிட்டாலும் விளங்கியது. முகம் சுருங்கிப் போனது. படத்தைப் பைக்குள் வைத்தாள்.

என்ரை கண்ணுக்குள்ளை நிண்டது அந்தச் சீனனில்லை. அந்தச் சேட்டு. ராசான்ரை நீலச் சேட்டு. தர்ப்பைக்கு மேலை அதைப் போட்டு, ஒவ்வொரு பொத்தானாய்ப் பூட்டினாளாம் அந்த நகுலேஸ்வரி. அவளின்ரை மகள் கலாவதி வந்து எனக்குப் பெருமையாய்ச் சொன்னவள். புல்லுக்குப் பொத்தான்! ஆள் முடிஞ்சுது எண்டு அவ்வளவு ஆறுதலாய் நிண்டு பூட்ட அவளுக்கு எப்பிடி மனம் வந்தது?

23.11.2003

சுஜீத் வந்து சண்டை. "சியூ உங்களுக்கு என்ன செய்தவள்?"

"ஒண்டும் செய்யேல்லை."

"பிறகேன் அவளோடை கதைக்க மாட்டன் எண்டுறியள்?"

"அது என்ரை விருப்பம்."

"ஊரிலை ஒராளோடை கோவம் போதாதெண்டு லண்டனிலையும் ஒராளோ?" என்று கதவை அடித்துவிட்டுப் போனான். பேசக் கற்றுக்கொண்டான். தகப்பனுக்கு இப்படி வாய் இல்லை, இது என்னிடமிருந்துதான்.

22.01.2004

இன்று சீனருக்கு வருடப்பிறப்பாம். வாசலில் ஒரு பை தோடம்பழம் தொங்கியது. மணி அடிக்காமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் தொடவில்லை.

23.01.2004

ஒன்று அழுகப் பார்த்தது. வீணாக்கக் கூடாதென்று சாப்பிட்டேன்.

24.01.2004

இன்னும் மூன்று அழுகப் பார்த்தன.

27.03.2004, சனி

சியூ பயணம் சொல்ல வந்தாள். ஹொங்கொங் போய், அங்கிருந்து அந்த சேக்ஹாங் கிராமத்துக்கும் போகிறாளாம். ஏப்ரல் தொடக்கத்தில் அவர்களுக்குக் கல்லறை கூட்டித் துடைத்துப் படைக்கிற நாள் வருகிறது. ஊரை விட்டுப் போன ஆட்களும் அன்றைக்குத் திரும்பி வருவார்களாம். ஆகமின் சொந்தக்காரர் ஆராவது மிச்சம் இருக்கிறார்களா என்று பார்க்கப் போகிறாள். முட்டியைக் கொண்டு போகச் சட்டம் விடாது, படம் மட்டும்தான்.

நான் அவளோடு பேசவில்லை. பருத்தித்துறை வடை சுட்டு, ஈரம் படாமல் இரண்டு பை போட்டுக் கட்டிக் கொடுத்தேன்.

"கதைக்க மாட்டியள், வடை மட்டும் குடுப்பியளோ?" என்றாள் புனிதா.

"பயணம் போற பிள்ளை. வடைக்கும் கதைக்கும் என்ன தொடர்பு?"

25.04.2004, ஞாயிறு

சியூ வந்துவிட்டாள். வெயிலில் கறுத்து, இன்னும் மெலிந்து, எங்கள் பக்கத்துப் பிள்ளை மாதிரி இருந்தாள். வாசலில் நின்றபடி உள்ளே வரலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். எத்தனை மாதம் இழுக்கிறது?

"சாப்பிட்டியே?" என்று கேட்டேன்.

"ஏலாது" என்றாள். இன்னும் சாப்பிடவில்லை என்று சொல்ல நினைத்தாளாம். எனக்கு விளங்கியது. சோறு போட்டேன்.

சாப்பிட்டு முடித்துச் சொன்னாள். சுஜீத் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன். ஒரு சொல்லும் விடாமல் எழுதுகிறேன்.

அந்தக் கிராமத்தில் ஆகமின் தங்கச்சி இன்னும் உயிரோடு இருக்கிறாள். எண்பத்து நாலு வயது. அண்ணன் கப்பலுக்குப் போகும்போது அவள் சின்னப் பிள்ளை. அவன் செத்துவிட்டான் என்று எத்தனையோ பேர் சொல்லியும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய வம்சத்து மண்டபத்தில் முன்னோரின் பெயர் எழுதி வைக்கிற பலகை இருக்கிறது. அதில் அவனுடைய பெயரை எழுத விடவே இல்லையாம். எழுத வந்த மற்றச் சொந்தத் தமையனோடு, அந்த ஆள் சாகும் மட்டும் பேசவில்லையாம்.

நல்ல மனுசி என்று நினைத்தேன். ரோசமுள்ளவள்.

சியூவுக்குப் படத்தைக் காட்டப் பயம். தமையனுடைய மகன் காட்டத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டான். மனுசிக்கு எழுத்துத் தெரியாது. படத்தை மடியில் வைத்து விரலால் தடவிக்கொண்டே இருந்தாளாம். பிறகு ஓரிடத்தில் விரலை வைத்து, "இந்தக் கோடு ஏன் ரெண்டு தரம் கிடக்கு?" என்று கேட்டிருக்கிறாள்.

"வெட்டினவருக்குக் கை வழுக்கியிருக்கும், அத்தை" என்று மருமகன் சொன்னான்.

"கை வழுக்கேல்லை. அழுதுகொண்டு வெட்டியிருக்கிறான்" என்றாளாம் மனுசி. "எல்லாம் முடிய அவனுக்கு ஆர் சோறு குடுத்தது?"

ஆருக்கும் விளங்கவில்லை. மனுசி கோபப்பட்டாளாம். "அண்ணையைக் கேக்கேல்லை. இதை வெட்டினவனைக் கேக்கிறன். இப்பிடி ஒரு வேலையைச் செய்துபோட்டு வந்தவனுக்கு, அண்டைக்கு ஆராவது சாப்பாடு குடுத்திருப்பினமோ?"

படைக்கிற நாளன்று அண்ணனுக்கு ஒரு கிண்ணம் சோறு வைத்தாள். பக்கத்தில் பெயர் தெரியாத அந்த ஆளுக்கும் ஒரு கிண்ணம். பிறகு மருமகனைக் கூப்பிட்டு, பலகையில் பெயரை எழுதச் சொன்னாளாம்.

சியூ சொல்லி முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். நான் பழக்கோப்பையை அவள் பக்கம் தள்ளிவிட்டேன். "எண்பத்து நாலு வயசிலைதான் புத்தி வந்திருக்கு அவளுக்கு" என்று சொன்னேன்.

அதைச் சொல்லி வாய் மூடவில்லை, எனக்கு எழுபத்திரண்டு என்று நினைவு வந்தது.

26.04.2004

ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. பருப்பை அடிப்பிடிக்க விட்டேன்.

அன்றைக்கு எல்லாம் முடிந்து வர, நகுலேஸ்வரிக்கு ஆர் சோறு கொடுத்தது? அத்தான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அம்மா படுக்கை. நான் இல்லை.

01.05.2004, சனி

டூட்டிங் கடையில் ஒரு ரெலிபோன் கார்ட் வாங்கினேன். புனிதா வேலைக்குப் போனதும் ஊருக்கு எடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. வைக்கப் போகும்போது எடுத்தாள்.

"ஆர்?"

"நான்தான்."

"நான் எண்டா? ஆருக்கும் பேர் இல்லையோ?"

"மனோ."

அந்தப் பக்கம் ஒரு காகம் கத்தியது எனக்குக் கேட்டது.

"என்ன, ஆரும் செத்துப் போச்சினமோ?" என்றாள். குரல் கிழண்டிப் போயிருந்தாலும் எடுப்பு மாறவில்லை.

"ஒருத்தரும் சாகேல்லை. ஒண்டு கேக்க எடுத்தனான். ராசான்ரை சேட்டுப் பொத்தானை நீங்கள்தானே பூட்டினது?"

"ஓம். அதுக்கென்ன இப்ப?"

"ஏன் பூட்டினனியள்?"

"திறந்து கிடந்தாக் குளிருமெல்லோ அவனுக்கு" என்றா அக்கா.

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

அக்கா விடவில்லை. "நீ திருகோணமலையிலை இருந்து கோவம் பிடிச்சாய். இஞ்சை அம்மா ஏழு வருசமாய்ப் படலையைக் கொளுவ விடேல்லை. மாடு வந்து பயிரைத் திண்டாலும் விடேல்லை. ராசா வந்தாப் பூட்டிக் கிடக்கக் கூடாதாம். கடைசியிலை அவதான் என்ரை கையைப் பிடிச்சு, அவனைக் கூப்பிட்டு அனுப்பி விடு பிள்ளை, எனக்கு நித்திரை கொள்ள வேணும் எண்டவ. நீ வந்து கேட்டியே? கேக்காமல் ஏசி ஏசிக் கடிதம் எழுதினாய். நானும் சொல்லேல்லை. ஏன் சொல்லோணும்?"

"ஒரு வரி எழுதியிருக்கலாம்."

"எழுதியிருக்கலாம். எழுதேல்லை."

"எனக்குச் சொல்லிப்போட்டுச் செய்திருக்கலாம்."

"சொன்னா நீ விட்டிருப்பியோ?"

விட்டிருக்க மாட்டேன். அதை அவவுக்குச் சொல்லவில்லை.

"அண்டைக்குச் சாப்பிட்டனியளோ?" என்று கேட்டேன்.

"எண்டைக்கு?" என்றா. விளங்காமல் கேட்கிறாவோ, விளங்கித்தான் கேட்கிறாவோ. நான் பதில் சொல்ல முதல் கார்ட் முடிந்துவிட்டது.

எனக்கு முதல் சொல்லியிருக்க வேண்டும். அதில் மாற்றம் இல்லை. அது அக்காவின் பிழைதான்.

இன்னொரு கார்ட் வாங்கி வரச் சொல்லி சுஜீத்துக்குச் சொன்னேன். பெரியதாக.

16.05.2004

அக்காவோடு சண்டை. கலாவதியின் கலியாணத்துக்கு நான் போகாததை இன்னும் வைத்திருக்கிறா. அவவுக்கும் ஒன்றும் மறக்கிறதில்லை. கார்ட் முடியும்வரைக்கும் பிடித்தோம். நல்ல நித்திரை வந்தது.

31.07.2004, சனி

நாளைக்குப் பயணம். சூட்கேஸ் மூட மாட்டேன் என்கிறது. அக்கா கேட்ட சாமான் பாதி, அக்கா வேண்டாம் என்று சொன்ன சாமான் பாதி. வேண்டாம் என்றதைக் கொண்டு போகாவிட்டால் அதற்கும் கதை வரும். சியூவும் வருகிறாள். அவள் சூட்கேசுக்கு மேலே ஏறி இருந்துகொண்டு சுஜீத்தைப் பூட்டச் சொல்கிறாள். "ஏலாது, ஏலாது" என்று அவன் அவளுடைய குரலில் கத்துகிறான். வீடு முழுக்க ஒரே சத்தம்.

பின்னேரம் அக்காவே எடுத்தா. காசு வீண், நாளைக்கு வாறம்தானே என்றேன். கேட்கவில்லை. கொஞ்ச நேரம் மாங்காயைப் பற்றிச் சொல்லிக்கொண்டு இருந்தா. பிறகு குரலைத் தாழ்த்தி,

"எடி மனோ, முன்னறையிலை ராசான்ரை படத்துக்கு மாலை போட்டிருக்கிறன். நீ வந்து கண்டா மனம் நோகும். கழட்டி வைக்கட்டோ?" என்று கேட்டா.

நான் கட்டிலில் இருந்துவிட்டேன். கீழே சூட்கேஸ் மூடி, பிள்ளைகள் கை தட்டுகிற சத்தம் கேட்டது.

"எப்ப போட்ட மாலை?" என்று கேட்டேன்.

"பிளாஸ்டிக்தான். பூ கட்ட இப்ப ஆர் இருக்கினம்? எனக்கும் கை நடுக்கம்."

"அதைக் கழட்டி எறியுங்கோ" என்றேன். "பூவைப் பிடுங்கி ஈரத்துணியிலை சுத்தி வையுங்கோ. நான் வந்து கட்டிப் போடுறன்."